வண்டி திரும்பாத தெரு

நான் பிறந்த தெருவில் ஒரு கார் திரும்ப இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். அன்றைக்கு அந்தத் தெருவில் குப்பை லாரியே திரும்பும். அந்த ஒரு வரியால் என் அக்காவின் கணவர் பதினோரு வருஷம் தெருவில் புளுகர் என்று பெயர் எடுத்தார். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய சமஸ்தானக் குடும்பத்தின் பெங்களூர்ப் பங்களாவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். சமஸ்தானம் சிறியது, பெங்களூரிலிருந்து வெகு தூரம். பட்டமும் மானியமும் சட்டப்படி போய்விட்டன. ஆனாலும் இந்த ஊரில் ராணி அம்மாவைக் கூப்பிடாமல் பெரிய விழா நடக்காது. யார் கூப்பிட்டார்கள், எதற்கு ஒத்துக்கொள்வது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் மாலை போடுவது என்று வாராவாரம் நிரல் போடுவதுதான் என் வேலை. சனிக்கிழமை மாலை அந்தத் தாள் ராணி அம்மாவின் மேஜைக்குப் போகும்.

ஒரு அழைப்பை ஏற்பதற்கு முன் நான் நேரில் போய் இடத்தைப் பார்க்க வேண்டும். மேடைக்கு எத்தனை படி, நாற்காலிக்குக் கை உண்டா, கழிப்பறை எப்படி என்றெல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். அதில் முதல் கேள்வியே கார் திரும்புமா என்பதுதான். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ராஜாவோ ராணியோ உள்ளே இருக்கும்போது வண்டி பின்பக்கமாகப் போகக் கூடாது. பின்வாங்குவது ஆகாது என்று எந்தக் காலத்துச் சண்டையிலோ தொடங்கியது, யானை போய்க் குதிரை போய்க் கார் வந்தும் விடவில்லை. போன வழியே முகம் காட்டித் திரும்பி வர இடமிருந்தால்தான் நிகழ்ச்சி. இல்லையென்றால் இல்லை. அப்புறம்தான் ஏற்புக் கடிதம் தட்டச்சாகும்.

அந்த வேலையில் சேரும்போது எந்த ஊர் என்று கேட்டார்கள். இதே பெங்களூரின் மர்பி டவுன் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பா அம்மா, அவர்கள் அப்பா அம்மா எல்லோரும் அங்கேதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பைத் துடைத்துப் பெருக்கிச் சமைத்துப் போட்டவர்கள். ஆனால் இந்த ஊரில் தெருப் பெயரைக் கேட்பவர்கள் தெருவை மட்டும் கேட்பதில்லை. நான் காஞ்சிபுரம் பக்கம் என்று சொன்னேன். ஆங்கில இலக்கியம் படித்தவன், நல்ல உச்சரிப்பு, நம்பினார்கள். கல்யாணமாகிப் பொம்மனஹள்ளிக்குக் குடிபோன பிறகு தெருப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். தெருவில் கேட்டால் ஏதோ கம்பெனி ஆபீஸ் என்பேன். என் வேலை எங்கே என்று அக்காவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராணி அம்மா தமிழ் பேசுவார். சிறு வயதில் அவரை வளர்த்த ஆயா கன்டோன்மென்ட்காரி. அதனால் அவருக்கு வந்தது அச்சு அசலாக எங்கள் தெருத் தமிழ். அதில் 'நீங்கள்' கிடையாது. "இன்னா, சாப்ட்டியா?" என்று கூச்சமே இல்லாமல் கேட்பார். நான் "உணவருந்திவிட்டேன் அம்மா" என்று பாடப்புத்தகத் தமிழில் பதில் சொல்வேன்.

அக்கா தன் வீட்டை ஒட்டிய அறையில் பெண்களுக்குத் தையல் கற்றுத் தந்தாள். முதல் குழுப் பெண்கள் பதினாறு பேர் பயிற்சி முடித்தபோது சான்றிதழை ராணி அம்மா கையால் தர வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. மாமா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையோடு அழைப்பை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரே நின்றார். பக்கத்தில் இன்னொரு குமாஸ்தா இருந்தார்.

"வணக்கம் சார். தையல் கிளாஸ் சார். ராணி அம்மா ஒரு அர மணி நேரம் வந்தா போதும் சார்" என்றார்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரகத் திருவிழாவுக்குப் போனவர். என் கல்லூரிச் சேர்க்கைக்கு வரிசையில் நின்றவர். நான் நாற்காலியைக் காட்டவில்லை. "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றேன். அவர் கதவருகில் திரும்பி ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். நன்றாக நடித்தேனா என்று கேட்பதுபோல.

ராணி அம்மா அழைப்பைப் படித்ததும் சரி என்றார். அந்த வாரத்தின் தாள் எனக்கு மனப்பாடம். திங்கள், கண் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம். செவ்வாய், நாய்க் கண்காட்சிக்குப் பரிசு. புதன் காலை ஒரு பள்ளி ஆண்டு விழா, மாலை ஓவியக் கண்காட்சி. வியாழன் நாலரை மணி, தையல் வகுப்பு. வெள்ளி பூஜை, வெளியே கிளம்புவதில்லை. சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பில் ஏழு நிமிஷம். ஞாயிறு குதிரைப் பந்தயக் கோப்பை. நான் ஞாயிற்றுக்கிழமையே மாமாவுக்குப் போன் செய்து, "ஒத்துக்கிட்டாங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். கடிதம் போகுமுன் சொல்லக் கூடாது. சந்தோஷத்தில் சொன்னேன். அதுவும் உண்மைதான், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் காரில் இடம் பார்க்கப் போனேன். தெரு முனையிலேயே நிறுத்தச் சொன்னேன். மாமா ஏணி மேல் நின்று கலர் காகிதம் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கோலப் பொடியோடு வாசலில் இருந்தாள். அப்போது குழாயடியிலிருந்து ஒரு கிழவி என்னைப் பார்த்துவிட்டாள்.

"டேய் புஸ்தகம்! கார்ல வந்துகீறான் பாருடி! டேய் புஸ்தகம்!"

சின்ன வயதில் எந்நேரமும் படித்துக்கொண்டிருந்ததால் தெரு எனக்கு வைத்த பெயர் அது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களையா கூப்பிட்றாங்க சாப்?"

"இல்லை. வேறு யாரையோ" என்றேன். கண்ணாடியை ஏற்றினேன். "போகலாம்."

வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று வழி முழுக்க எனக்குத் தெரிந்தது. ராணி அம்மாவும் அவர் மருமகள் சின்ன ராணியும் மற்ற பரிவாரமும் நிற்க, நாலு பக்கத்திலிருந்தும் புஸ்தகம் புஸ்தகம் என்று கூப்பிடுவார்கள். உன் அப்பன் என் கூடத்தான் வேலை செஞ்சான் என்று யாராவது சொல்வார்கள். பங்களாவுக்குப் போய் உட்கார்ந்து, 'கார் திரும்ப இடமில்லை' என்று எழுதினேன்.

அந்தத் தாளில் இது முதல் பொய். மறுநாள் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ராணி அம்மா பென்சிலால் எழுதியிருந்தார்: 'பாவம். முனையில் இறங்கி நடந்து வரட்டுமா என்று கேட்கவும்.' அதை இரண்டு முறை படித்தேன். பிறகு கீழே எழுதினேன்: 'கேட்டேன். அவர்கள் விரும்பவில்லை.'

வர முடியாது என்று போன் செய்ய வேண்டியதும் என் வேலைதான். எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். கடைசிவரை செய்யவில்லை. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மாமா ஆபீசுக்குப் போன் செய்தார். பக்கத்துக் குமாஸ்தாவை எடுக்கச் சொன்னேன். அவர் நிரலைப் பார்த்து, "இன்னிக்கு ராணி அம்மாவுக்கு வெளி நிகழ்ச்சி எதுவுமே இல்லையே" என்றார். அங்கே பதினாறு பெண்கள், அவரவர் தைத்த ரவிக்கையோடு, வெயிலில் நின்றிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைய பேப்பரில் ராணி அம்மா கல்யாண வரவேற்பில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கடைசி நேரத்தில் அவங்களே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. மாமா பேப்பரை மடித்து வைத்தார்.

"பரவால்ல விடு. பெரிய இடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் வேலைக்கு ஒண்ணும் பாதகம் வரலையே?" என்றார்.

இன்றுவரை நான் வாங்கிய அடிகளிலேயே பெரியது அதுதான்.

தெருவுக்கு மாமா என்ன பதில் சொல்ல முடியும்? கடிதம் இல்லை. சொன்னவன் மச்சான் என்று சொல்ல வாக்கு இடம் தரவில்லை. ராணி வருவதாக எவரும் சொல்லவேயில்லை, பெருமைக்காக இவரே கிளப்பிவிட்டது என்று தெரு தீர்மானித்தது. முனையில் ஒரு பேக்கரி உண்டு. ஒரு டீயை இரண்டு கோப்பையில் ஊற்றி 'பை டூ' குடிக்கும் ஓய்வு பெற்றவர்கள் காலையில் அங்கே கூடுவார்கள். மாமா வந்தால், "இன்னா அரமனை, இன்னிக்காவது ராணி வராங்களா?" என்பார்கள். யாராவது பால் கார்டு வாங்க அவர் சாட்சி சொன்னால், "இவரு சொன்னாரா? அப்ப நேர்ல பாத்துட்டு நம்பு" என்பார்கள். இரண்டு வருஷத்தில் மாமா பேக்கரிக்குப் போவதை விட்டுவிட்டார். வீட்டிலேயே டீ. இதையெல்லாம் அக்கா எனக்குச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வும் பெற்றேன்.

போன வருஷம் ராணி அம்மா ஆள் அனுப்பினார். பழைய கோப்புகளைப் பிரித்து வைக்க வேண்டுமாம். அவருக்கு எண்பத்தாறு. இப்போது அழைப்புகளெல்லாம் சின்ன ராணிக்குத்தான். அதற்கு ஒரு பெண் கைப்பேசியிலேயே எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். பெரியவர் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் படிப்பார். "இந்த ஸ்கூல்ல மைக்கு வேல செய்யல, நெனவிருக்கா?" என்பார். மூன்றாம் நாள் அந்தத் தாள் அவர் கைக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்தேன். பிடுங்கவா முடியும்?

"இது மட்டும் எனக்குப் புரியவே இல்ல" என்றார். "நான் நடந்து வரேன்னேன். வேணாம்னுட்டாங்களே. என் ஆயா ஊரு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அப்போதுதான் தெரிந்தது. மாமாவுக்கு ராணி மேல் வருத்தம், ராணிக்குத் தெரு மேல் வருத்தம். நடுவில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தது நான்.

"அவர்கள் சொல்லவில்லை அம்மா. நான் கேட்கவேயில்லை" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கார், கண்ணாடி, கிழவி, மாமா என்னைச் சார் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் பாடப்புத்தகத் தமிழ் கழன்றுவிட்டது. என் தமிழிலேயே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ எந்த ஊர்னு நான் கேட்டதே இல்லியா?"

"கேட்டீங்கம்மா. பொய் சொன்னேன்."

"இத்தன வருஷம் பொம்ம மாதிரி பேசினியே, இவனுக்கு இன்னா நோவுன்னு நெனச்சேன்." சிரித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் கோபமும் இல்லை. "பேப்பர எடு. இந்த வாரம் எழுது. திங்கக்கெழம பல் டாக்டர். செவ்வாய், உசிரோட இருக்கேன்னு பேங்குக்காரனுக்குக் கைநாட்டு. புதன், பையன் சாப்பிட வருவான். வருவானாம். வியாழன் நாலரைக்கு உன் அக்கா வீடு. மீதி எல்லாம் காலி. முறைப்படி மொதல்ல நீ போய் எடத்தப் பாத்துட்டு வா."

அன்று சாயங்காலமே போனேன். இந்த முறை முனையில் நிறுத்தவில்லை, ஆட்டோவில் போய் வாசலில் இறங்கினேன். மாமா நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "அந்தத் தாள்ல கூட எழுதிருக்கியா, நாங்க வேணாம்னோம்னு?" என்றார்.

"ஆமா மாமா."

"நான் அந்தம்மாவ எவ்ளோ திட்டிருப்பேன் தெரியுமா? மனசுக்குள்ள." எழுந்து உள்ளே போனார், திரும்பி வந்தார். "எனக்குச் சொல்லிட்டா ஆச்சா? என்ன ஓட்டினவன் பூரா பேக்கரிகிட்ட நிக்கிறான். காலைல ஏழு மணிக்கு வந்து அங்க சொல்லு."

அக்கா மட்டும், "அதெல்லாம் விட்டுடுவேன்டா. இவர உட்காரக் கூடச் சொல்லலியே நீ. அதுதான் ஆறல" என்றாள்.  

காலையில் ஏழு பேர் இருந்தார்கள். மாமா எனக்குப் பின்னால், கை கட்டிக்கொண்டு. பல மேடைகளுக்கு உரை எழுதித் தந்தவன் நான். அன்று நான்கு வாக்கியம்தான் வந்தது. ராணி வருவதாக இருந்தது உண்மை. நான் அங்கேதான் வேலை பார்த்தேன். நான் இந்தத் தெருக்காரன் என்று தெரிந்துவிடும் என்று பயந்து நான்தான் தடுத்தேன். மாமா ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லை.

டீ ஊற்றுகிறவர் கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டார். யாராவது என்னை அடித்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது. கடைசியில், மாமாவை எல்லோரையும்விட அதிகம் கேலி செய்த ஒரு பழைய லைன்மேன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப பதினோரு வருஷமா நாங்க ராங் ஆள ஓட்டிட்டோமா?"

"ஆமா."

"இனிமே உன்ன ஓட்டலாம்ல?"

"ஓட்டலாம்" என்றேன்.

"டேய், ஒரு பை டூ போடு" என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். ஒரு கோப்பையை மாமாவிடம் நீட்டினார். மாமா உடனே வாங்கவில்லை. டீ ஆடை கட்டும்வரை அவரை நிற்க வைத்தார். பிறகு வாங்கிக் குடித்தார். நான் பேக்கரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் எதைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் முறைப்படி தெருவை அளந்தேன். சிரிப்பு வந்தது. இரண்டு பக்கமும் பைக்குகள், ஸ்கூட்டர்கள், ஒரு வாட்டர் டேங்கர். முன்பு காலியாக இருந்த மூலையில் நாலு மாடி வீடு. ராணி அம்மாவிடம் போய், "கார் திரும்ப இடமில்லை அம்மா. இது நிஜம்" என்றேன்.

"அப்ப நடந்து வரேன்னு சொன்னேன். இப்ப முட்டி இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நேரா உள்ள போகட்டும். பின்னாலயே வெளிய வரட்டும்."

டிரைவர் அதே ஆள்தான். திடுக்கிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா பாக்குற? எவன்கூட இப்ப சண்ட நடக்குது?" என்றார் ராணி அம்மா.

வியாழக்கிழமை நாலரைக்கு வந்தார். பழைய பதினாறு பேரில் ஐந்து பேரைத்தான் அக்காவால் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருத்தி ஆனேக்கல்லிலிருந்து மகளோடு வந்திருந்தாள். அப்போது அக்காவே கொடுத்த சான்றிதழ் எங்கே போயிற்றோ என்றாள், வெறும் கையோடு வந்து படம் எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, அழைப்புச் சொல்லியும் வர மாட்டேன் என்றுவிட்டாள். அன்றைக்கு வெயிலில் நின்றது போதும் என்றாள், நியாயம். ராணி அம்மா அக்கா போட்ட காபியைக் குடித்துவிட்டு, "எங்க ஆயா இப்டித்தான் போடுவா, சக்கர தூக்கலா" என்றார். மாமாவிடம், "உன்ன ரொம்ப நாள் காக்க வெச்சுட்டேன்" என்றார். தான் செய்யாத தப்புக்கு. மாமா, "அது பரவால்லம்மா, இவன்தான்" என்று என்னைக் கையால் காட்டினார். தெரு முழுக்கச் சிரித்தது. "புஸ்தகம்! புஸ்தகம்!" என்று யாரோ கத்தினார்கள். ராணி அம்மா திரும்பி, "யாரு, இவனா புஸ்தகம்?" என்று கேட்டார். நான் பயந்த அந்த வினாடி வந்தது, நின்றது, போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. இதற்காகவா என்று இருந்தது.

கிளம்பும்போது டிரைவர் பின்னால் ஓட்டத் தயங்கினான். ராணி அம்மாவை வைத்துக்கொண்டு அவன் அதைச் செய்ததேயில்லை. மாமா காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எழுபத்தெட்டு வயதில் டிக்கியை உள்ளங்கையால் தட்டித் தட்டி, "பர்லி, பர்லி... லெஃப்ட்ல ஒடி... ஓல்ட்டு! இன்னும் வா, வா, நான் கீறேன்ல" என்று பஸ் கண்டக்டர் மாதிரிக் கன்னடமும் தமிழும் கலந்து கூவினார். பேக்கரி ஆட்கள் பைக்குகளை நகர்த்தினார்கள். கண்ணாடி வழியாக ராணி அம்மா முன்பக்கம் விலகிப் போகும் தெருவைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டே பின்னால் போனார்.

ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய்!" என்றார் மாமா என்னைப் பார்த்து. பங்களாவில் என்னைச் சார் என்ற நாளிலிருந்து அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மரம் மாதிரி நிக்கிற? அந்த ஸ்கூட்டரத் தள்ளுடா!"

ஓடிப் போய்த் தள்ளினேன்.